பெரிய விண்கப்பல் மினியேச்சர்கள்: வாங்குவது, தண்டில் நிறுத்துவது, பத்திரமாக வைத்துக்கொள்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைப் போர் விளையாட்டில் விண்கப்பல் மினியேச்சர்களை, அதாவது சின்ன மாதிரிக் கப்பல்களை, நகர்த்தி ஆடுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தில் கப்பல்களை எடுத்து வைத்தாலே யாராவது வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்க ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வரியில்: பெரிய கப்பலுக்கு முதலில் அதைத் தாங்கி நிறுத்தும் தண்டைப் போடுங்கள், வண்ணம் அப்புறம்.

எதைப் பெரிய கப்பல் என்கிறீர்கள்?

இரண்டு விரலால் தூக்க முடியாமல் உள்ளங்கையை அடியில் கொடுக்க வேண்டியிருந்தால் அது பெரிய கப்பல். எண்ணாகச் சொன்னால் 15 செ.மீ.க்கு மேல் நீளம் அல்லது 150 கிராமுக்கு மேல் எடை, இரண்டில் ஒன்று இருந்தால் போதும். அதற்குக் கீழே உள்ளவை பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தண்டிலேயே ஒழுங்காக நிற்கும்.

எந்த விளையாட்டுக்கான கப்பல்களைச் சேர்க்கலாம்? நிறுத்திவிட்ட விளையாட்டை வாங்கினால் பணம் வீண்தானே?

வீண் இல்லை. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1999ல் வெளியிட்ட பேட்டில்ஃப்ளீட் காதிக் கப்பல்களின் விற்பனை 2013ல் நின்றுபோனது, ஆனால் அதை ஆடுகிறவர்கள் இன்றும் ஆடுகிறார்கள், விதிகளை ரசிகர்களே திருத்திப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். 2015ல் வந்த ஸ்டார் வார்ஸ் ஆர்மடாவுக்கும் அதே கதைதான். புதிய கப்பல்கள் இனி வராது என்று 2024ல் அறிவித்தார்கள், அதனால் யார் வீட்டுக் கப்பலும் காணாமல் போய்விடவில்லை. டிராப்ஃப்ளீட் கமாண்டர் ஹாக் வார்கேம்ஸ் கையிலிருந்து டிடிகாம்பாட் கைக்கு மாறி இன்னும் விற்பனையில் இருக்கிறது, பெரிய போர்க்கப்பல்கள் அதில் அழகாக இருக்கும்.

எந்த நிறுவனத்தின் கப்பலையும் ஒரே மேசையில் வைத்து ஆட ஆசைப்பட்டால் ஃபுல் திரஸ்ட் விதிகளைப் பாருங்கள். இங்கிலாந்தின் கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் வெளியிட்டது, விதிப்புத்தகங்களை இலவசமாகவே தரவிறக்கலாம். அதில் கப்பலின் திசை கடிகார முகம் போல 12 பாகமாகப் பிரிந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்டைப் பற்றிப் பேசும்போது இது வேலைக்கு வரும்.

ஒரு கப்பல் ரொம்பப் பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் இருக்கிறதே, அளவு விகிதம் பொருந்த வேண்டாமா?

கண்டிப்பாகப் பொருந்த வேண்டும் என்று நின்றால் வீடு கொள்ளாது. ஆர்மடாவில் உள்ள எக்ஸிக்யூட்டர் மினியேச்சர் சுமார் இரண்டு அடி நீளம், அதுவே மேசையை அடைக்கும். கதைப்படி அந்தக் கப்பல் 19 கிலோமீட்டர், சாதாரண ஸ்டார் டெஸ்ட்ராயர் 1.6 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 12 மடங்கு. விகிதம் மாறாமல் செய்திருந்தால் அது இரண்டு மீட்டரைத் தாண்டியிருக்கும். பெரியது பெரிதாகவும் சிறியது சிறிதாகவும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

பழைய உலோகக் கப்பல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 80களிலும் 90களின் தொடக்கத்திலும் வார்த்த பல மினியேச்சர்களில் ஈயம் நிறைய இருக்கும். மூடிய மர அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்தால், பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமில ஆவி அந்த ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்று அதற்கு இன்னும் துணை. வண்ணத்துக்கு அடியில் கொப்புளம் போலவோ, மடிப்புகளில் மாவு படிந்தது போலவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பொடி நஞ்சு. தொட்டால் கையை நன்றாகக் கழுவுங்கள், ஊதித் தள்ளாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

மற்றபடி பார்க்க வேண்டியது கப்பலின் வயிறு. முன்பு வைத்திருந்தவர் தண்டுக்காகத் துளைத்த இடம் எங்கே, எத்தனை முறை துளைத்திருக்கிறார், உள்ளே பழைய தண்டு முறிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். மேல்பக்கத்து வண்ணம் கெட்டிருந்தால் கவலையில்லை, அதைக் கழுவி எடுத்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எவ்வளவு வரி?

பொம்மைக்குச் சுங்கத் தீர்வை இல்லை, பொருள் சேவை வரி மட்டும்தான், 2024லிருந்து 9 விழுக்காடு. தபாலிலோ விமானத்திலோ வரும் பொட்டலத்தின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து, 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது வரி கட்ட வேண்டும். 400 வெள்ளிக்குள் இருந்தாலும் இங்கே வரிக்குப் பதிவு செய்திருக்கிற பெரிய வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் 2023 ஜனவரியிலிருந்து விலையோடு சேர்த்தே வாங்கிக்கொள்கின்றன. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் அனுப்பும் செலவு குறையும், ஆனால் 400ஐத் தாண்டிவிடக்கூடும், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்ப்ரே டப்பாவை மட்டும் வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டாம், விமான அஞ்சலில் அது வராது.

பெட்டியில் வந்த தண்டு இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும்?

ஒரு நீண்ட வார இறுதியில் நாங்கள் எட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தோம். 400 கிராம் எடையுள்ள என் உலோகக் கப்பல், வாங்கும்போது வந்த 3 மி.மீ. அக்ரிலிக் தண்டில் நின்றது. பக்கத்தில் நடந்துபோன ஒருவரின் பை மேசையில் லேசாக இடித்தது. தண்டு அடியோடு முறிந்து கப்பல் சாய்ந்தது, முகப்பும் மூன்று கொம்புகளும் உடைந்ததோடு, கீழே நின்ற நண்பரின் இரண்டு சின்னக் கப்பல்களும் நசுங்கின. அவர் அந்த இரண்டுக்கும் மூன்று வாரம் வண்ணம் தீட்டியிருந்தார். என் கப்பல் உடைந்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து பெரிய கப்பல் எது வந்தாலும் வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன் தண்டு வேலையை முடித்துவிடுகிறேன்.

அக்ரிலிக் வளைவதற்கு முன் ஒடிந்துவிடும். பித்தளையோ எஃகோ வளைந்து கொடுக்கும், நிமிர்த்தியும் விடலாம். தவிர, உலோகக் கப்பல் ரெசின் (வார்ப்புப் பிசின்) கப்பலைப் போல ஆறு மடங்கு கனம். ஒரே அச்சில் வார்த்த உடல் ரெசினில் 60 கிராம் என்றால் வெள்ளீயக் கலவையில் 360 கிராம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே தண்டு எப்படிச் சரியாகும்?

தண்டை எந்த இடத்தில் பொருத்துவது? நடுவில்தானே?

கண்ணுக்குத் தெரிகிற நடு வேறு, எடையின் நடு வேறு. காவடி கட்டுகிறவர்கள் முன்பக்கமும் பின்பக்கமும் கனம் ஒத்துப்போகிறதா என்று தோளில் வைத்துப் பார்த்துத்தான் மயிலிறகைச் செருகுவார்கள். இதுவும் அப்படித்தான். விண்கப்பல்களில் பெரும்பாலும் இயந்திரப் பகுதி தடித்து, மூக்கு மெலிந்து இருக்கும், அதனால் எடையின் நடு நீங்கள் நினைத்ததைவிடப் பின்னால் தள்ளி விழும்.

கண்டுபிடிப்பது சுலபம். எல்லாப் பாகங்களையும் ஒட்டுமண்ணால் (சுவரில் தாள் ஒட்டும் களிம்பு) தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு பென்சிலைப் படுக்கவைத்து, அதன்மேல் கப்பலை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே சாயாமல் நிற்கிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு. பிறகு பென்சிலைக் கப்பலின் நீளவாக்கில் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் துளை போடுங்கள். வயிறு மேடுபள்ளமாக இருந்து பென்சிலில் நிற்காவிட்டால் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்திலேயே கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கோடு போடுங்கள். வேறொரு இடத்தில் கட்டி இன்னொரு கோடு. அதுவும் அதே பதிலைத் தரும்.

அந்த இடத்தில் மெல்லிய இறக்கையோ பீரங்கியோ இருந்து துளைக்க முடியாமல் போனால் இரண்டு தண்டு போடுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங் விளையாட்டில் 2014ல் வந்த நீளமான கப்பல்கள் இரட்டைக் காலில்தான் நிற்கின்றன.

பேஸ் (தண்டு நிற்கும் அடித்தட்டு) எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்?

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஏன் விழுவதில்லை? கனம் முழுவதும் அடியில் இருக்கிறது. நம் கப்பலோ தலைகீழ், கனம் முழுவதும் உச்சியில். அதனால் அடியில் கனம் சேர்க்க வேண்டும், அகலத்தைக் கூட்ட வேண்டும், உயரத்தைக் குறைக்க வேண்டும்.

300 கிராம் கப்பலின் எடை நடு மேசையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் 60 மி.மீ. விட்டமுள்ள சாதாரண பிளாஸ்டிக் வட்டம். வெறும் 14 பாகை சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும், ஒரு முழங்கை பட்டால் போதும். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு 100 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் தகட்டைப் போட்டால் அதுவே சுமார் 185 கிராம், கவிழும் கோணம் 33 பாகைக்கு மேல் போய்விடும். அதே தகட்டில் உயரத்தையும் 12லிருந்து 8 செ.மீ.க்கு இறக்கினால் 45 பாகை. அந்த நிலையில் கப்பல் சும்மா ஆடிவிட்டு நின்றுவிடும். அதே அளவு அக்ரிலிக் வட்டம் 28 கிராம்தான் இருக்கும், பார்க்க அழகு, ஆனால் கனமான கப்பலுக்கு உதவாது.

எஃகுத் தகடு கிடைக்காவிட்டால் ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் அகலமான வாஷர்களை வாங்கி அக்ரிலிக் வட்டத்துக்கு அடியில் எபாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். அதற்கும் கீழே மெல்லிய ஃபெல்ட் துணி, மேசை விரிப்பு கீறாமல் இருக்க.

பேஸை மாற்றினால் விதி மீறல் ஆகாதா?

விளையாட்டைப் பொறுத்தது. பேட்டில்ஃப்ளீட் காதிக்கில் தூரத்தைத் தண்டிலிருந்து அளப்பார்கள், ஆனால் 32 மி.மீ., 60 மி.மீ. பேஸ்களுக்கு வேறு சில விதிகளில் வேலை இருக்கிறது. அதனால் பெரிய தகட்டின்மேல் 60 மி.மீ. வட்டத்தை வேறு நிறத்தில் வரைந்துவிடுங்கள், எதிராளியிடம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஃபுல் திரஸ்ட்டில் பேஸின் அளவு பெரிய விஷயமே இல்லை. ஆர்மடாவில் மட்டும் கை வைக்காதீர்கள், அதில் பேஸின் ஓரங்களே அளவுகோல், அதற்கென்று வரும் சட்டகத்துக்கு அடியில் கனம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டக்கூடிய தண்டு எப்படிச் செய்வது?

நான் செய்வது எம்3 மரை முறை, அதாவது 3 மி.மீ. திருகுக் கம்பியில் முறுக்கி மாட்டுவது. கப்பல் வயிற்றில் எம்3 நட்டு உட்காரும் அளவுக்குக் குழி தோண்டி, நட்டை எபாக்ஸியால் பதித்துவிட வேண்டும். பசை மரைக்குள் போகாமல் இருக்க, முதலில் ஒரு போல்ட்டில் கொஞ்சம் வாசலின் தடவி நட்டுக்குள் முறுக்கி வைத்துக்கொண்டு பதியுங்கள், ஒரு நாள் கழித்துக் கழற்றினால் சுத்தமாக வரும். பேஸிலும் அதேபோல இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எம்3 மரைக்கம்பி, அதன்மேல் பித்தளைக் குழாயைப் போட்டு மூடிவிட்டால் மரை தெரியாது. உலோகக் கப்பலாக இருந்து உடல் தடிமனாக இருந்தால் நட்டே வேண்டாம், 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 மரை வெட்டிவிடலாம். துளைக்கும்போது முதலில் 1 மி.மீ., அப்புறம் 2, கடைசியில் 2.5 என்று கைத் துளைப்பானால் படிப்படியாகப் போங்கள், மின் டிரில் வழுக்கிவிட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது.

இதில் ஒரு குறை உண்டு. வட்டத் தண்டில் கப்பல் சுழலும். ஃபுல் திரஸ்ட்டில் 12 திசை என்றேனே, மூக்கு கொஞ்சம் திரும்பினாலே யார் யாரைச் சுடலாம் என்பது மாறிவிடும், நல்ல நண்பர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். அதனால் நீளக் கப்பல்களுக்கு இப்போது ஒன்றுக்குள் ஒன்று செருகும் சதுரப் பித்தளைக் குழாய்களைப் பயன்படுத்துகிறேன். பெரியது கப்பலுக்குள் பதிந்திருக்கும், சிறியது பேஸில் நிற்கும். சுழலவே சுழலாது, தூக்கினால் கழன்றுவிடும்.

காந்தம் போதாதா அண்ணே? எல்லோரும் காந்தம்தான் வைக்கிறார்கள்.

சின்னக் கப்பலுக்கும் பிளாஸ்டிக் கப்பலுக்கும் தாராளமாகப் போதும். 300 கிராமுக்கு மேல் போனால் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. நேராக இழுக்கும்போது நியோடிமியம் காந்தம் பலமாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிப் போகும், மேசையில் கப்பல் வாங்குகிற இடி எல்லாமே பக்கவாட்டில்தான். குழாயும் காந்தமும் சேர்த்து வையுங்கள், குழாய் சாயவிடாது, காந்தம் கழலவிடாது. ஒட்டுவதற்கு முன் எந்த முகம் எந்த முகத்தை இழுக்கிறது என்று மையால் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கினால் குடலுக்கு ஆபத்து, ஆகவே உதிரிக் காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மூடி வைக்க வேண்டும்.

சூப்பர் குளூ ஏன் வெள்ளையாகப் பூக்கிறது?

அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகுகிறது. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். பசை சீக்கிரம் பிடிக்கும், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். குறைவாகத் தடவி, மின்விசிறியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். திறந்த புட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். தண்டுக்கு மட்டும் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், இறுகியபின் அது கண்ணாடி மாதிரி, ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். இரண்டு புட்டி கலக்கும் எபாக்ஸி, அதுவும் ஐந்து நிமிட வகையைவிட மெதுவாக இறுகும் வகை, ஒட்டும் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பொது நடைபாதையில் அடிக்காதீர்கள், அண்டை வீட்டாரின் துணி காய்கிற இடம் அது. எனக்குத் தூரிகையால் பூசும் ப்ரைமர் (அடிப்பூச்சு) பழகிவிட்டது, பெரிய கப்பலுக்கு அகலத் தூரிகையில் இரண்டு மெல்லிய பூச்சு போதும். மங்கலான வார்னிஷ் ஸ்ப்ரேதான் அதிக ஆபத்து, ஈரமான நாளில் அடித்தால் முழுக் கப்பலும் பனி படிந்தது போல வெளுத்துவிடும். டிசம்பர் மழையில் தொடவே தொடாதீர்கள்.

3டி அச்சில் கப்பல் செய்யலாமா?

செய்யலாம், பெரிய கப்பலுக்கு அது வரப்பிரசாதம். ரெசினில் அச்சிட்டால் உள்ளே வெற்றிடம் விட்டுச் சுமார் 2 மி.மீ. சுவர் வையுங்கள், வடிகால் துளை குறைந்தது இரண்டு விடுங்கள், உள்ளே இறுகாத ரெசின் தேங்கினால் மாதங்கள் கழித்துச் சுவர் வெடித்துக் கசியும். தண்டு வரும் இடத்தை மட்டும் கெட்டியாக விடுங்கள், அல்லது நட்டுக்கான குழியைக் கோப்பிலேயே வடிவமைத்துவிடுங்கள். சொந்தமாக இயந்திரம் வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க நினைத்தால் புங்கோல் வட்டார நூலகத்தின் மேக்இட் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டதை மட்டும் வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 60 பாகை செல்சியஸ் பக்கம் அது இளகத் தொடங்கும், கண்ணாடி அடைத்த காருக்குள் அந்தச் சூடு எட்டுவது நம் வெயிலில் சாதாரணம்.

எங்கே வைப்பது? எப்படி எடுத்துப்போவது?

ஐகியாவின் காலாக்ஸ் அலமாரியில் ஓர் அறை 33 செ.மீ. அகலம், இரண்டடிக் கப்பல் அதில் மூலைக்கு மூலை வைத்தாலும் நுழையாது. சுவரில் நீளப் பலகை அடித்து, முன்னால் அக்ரிலிக் மூடி போடுவது நல்லது. ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள்.

எம்ஆர்டி ரயிலில் எடுத்துப்போகிறவர்கள் பேஸ், தண்டு, கப்பல் மூன்றையும் பிரித்துவிடுங்கள். கப்பல் ஸ்பாஞ்ச் வெட்டிய பெட்டியில் வயிறு மேலே பார்க்கத் தலைகீழாகப் படுக்கட்டும், மேல்பக்கக் கொம்புகளுக்கு மட்டும் ஆழமாக இடம் வெட்டிவிடுங்கள். எஃகுத் தகடுகளைத் தனிப் பையில் போடுங்கள். ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு, தகடு நழுவிக் கப்பலைச் சிதைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே விழுந்து உடைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். உதிர்ந்த துண்டுகளை எல்லாம் அன்றே பொறுக்கி ஒரு டப்பாவில் போடுங்கள், அரிசி அளவுத் துண்டையும் விடாதீர்கள். உடைந்த இரண்டு முகத்திலும் 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகி எபாக்ஸியால் ஒட்டினால் முன்பைவிட உறுதியாக இருக்கும். துளைகள் நேருக்கு நேர் வர, ஒரு முகத்தில் போட்ட துளையின் விளிம்பில் சொட்டு வண்ணம் வைத்து மற்ற முகத்தை அதன்மேல் அழுத்தி எடுங்கள், எங்கே துளைக்க வேண்டும் என்று அடையாளம் விழுந்துவிடும். வளைந்த ரெசின் பாகத்தைச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, மெதுவாக நிமிர்த்தி, அப்படியே பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். நண்பரின் அந்த இரண்டு கப்பல்களையும் இப்படித்தான் சரிசெய்தோம், என் வீட்டு உணவு மேசையில், இரண்டு இரவு.